கிராதிக்கு உள்ளே போன பெண்

ஏற்காடு, 1989

அன்புள்ள அம்மாவுக்கு, தேவகுமாரி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் இங்கே வேலைவீட்டில் சுகம்.

ஞாயிறன்று திருவிருந்து கொடுக்க எங்கள் கோயிலுக்கு ஒரு பெண் குருவானவர் வந்தார். அவரைக் குருவின் மனைவி என்று நினைத்த, மணியடிக்கும் கோயில்பிள்ளை, "ஏனுங்க ஐயரம்மா, ஐயரு பின்னால வர்றாருங்களா?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க ஐயரு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம்.

அவருடைய அம்மாவும் உங்களைப் போல எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தவராம். அதைக் கேட்டதும் என் வயிறு எரிந்தது. பீடத்துணியை வாராவாரம் துவைத்துத் தேய்ப்பவள் நான். ஆனால் பொம்பளை என்று என்னைப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதித் தடுப்புக்கு வெளியிலேயே நிறுத்துவார்கள். அவரோ நேராக உள்ளே போனார். முகம் பார்க்காமல் அப்பத்தை வாங்கிக்கொண்டேன். பிறகு வாசலில், "என்ன படிக்கிற கண்ணு?" என்று கேட்டார். நான் ஓடிவந்துவிட்டேன்.

குளிர் அதிகம். கம்பளியை பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். நான் பாதியில் விட்ட எட்டாம் வகுப்புப் புத்தகங்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அடுப்பில் பால் பொங்குகிறது.

உங்கள் மகள்
தேவகுமாரி