அவர் நம்பருக்கு நான் கூப்பிட்டால்

அன்புள்ள அத்தைக்கு மருமகள் வணங்கி எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், பயப்படாதீர்கள்.

இந்தப் பட்டாள ஆபீசில், நம் பாஷைப் போன் பேச்சை மெஷின் ஒட்டுக்கேட்டு மொழிபெயர்க்கும். அது சரியா என்று நான் கேட்டுச் சொல்லவேண்டும். உங்கள் வாயாடி மருமகளுக்குக் காதால்தான் பிழைப்பு.

நேற்று ஒருத்தி புருஷன் நம்பருக்குக் கூப்பிட்டு, "சாப்டியா? எப்ப வருவ?" என்று பதிலுக்குக் காத்திராமல் கேட்டுக்கொண்டே போனாள். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும். பட்டாளம் தேடுகிற அந்தப் புருஷன் உயிரோடு ஒளிந்திருக்கிறான் என்று மெஷின் எழுதிவிட்டது. அவள் வீட்டுக்குப் பட்டாள வண்டி கிளம்ப இருந்தது.

"அவன் செத்துட்டான் சார். போனை எடுத்தது வேற யாரோ" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் அதிகாரி.

"என் வீட்டுக்காரர் செத்துப்போனப்புறம் நானும் அவர் நம்பருக்குக் கூப்பிட்டு இப்படித்தான் பேசுறேன். எங்க அத்தை போனை எடுத்து, பேசாம கேட்டுக்கிட்டு இருப்பாங்க."

விசாரிக்கும்வரை வண்டியை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

நம் பேச்சையும் மெஷின் கேட்கும், அத்தை. இனி நான் கூப்பிட்டால் சும்மா இருக்காதீர்கள். "அவன் இல்லம்மா, நான்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நான் அழுதாலும் சொல்லுங்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன். அவர் போனில் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.