முதல் கியரில் பின்னால் போன லாரி

வியாழன், இரவு

முதலியார்பேட்டைப் பட்டறையில் இன்று பழைய ராணுவ லாரிக்குக் கனமான பின் ஆக்ஸிலை, அதாவது சக்கர அச்சை, மாட்டி முடித்தோம். வண்டியின் அடிச்சட்டத்தில் இடிக்கிறதென்று அதைத் தலைகீழாக மாட்டச் சொன்னது நான். அப்படி மாட்டினால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் கியர் போட்டேன். லாரி பின்னால் பாய்ந்தது. பின்னால் நின்ற என் கூட்டாளி காதர் தாவி ஒதுங்கினான். பட்டறைச் சுவர் விழுந்தது.

"வண்டி மேல தப்பில்லடா, நீ மாட்டுன மாதிரிதான் ஓடுது" என்றான், தூசியைத் தட்டிக்கொண்டே.

ரிவர்ஸ் போட்டேன். சாதுவாக முன்னால் வந்தது. அவ்வளவு பெரிய இரும்பு, என் தவற்றை ஒரு முணுமுணுப்புமில்லாமல் அப்படியே செய்துகாட்டியதே! பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

காதரும் அப்படித்தான். "முன்னால நிக்காத, பின்னால போ" என்று முதல் கியர் போடும் முன் நான் சொன்னதும் மறுபேச்சில்லாமல் போய் நின்றான்.