நீரில் இறங்கிய பாப்பாத்தியை எடுத்துத் தரக் கோரி

அனுப்புநர்:
வெ. சுமித்ரா,
க/பெ. வெங்கட்,
விசைத்தறித் தொழிலாளி,
தறிப்பேட்டை மூன்றாம் தெரு,
நகரி, சித்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மண்டல தாசில்தார் அவர்கள்,
நகரி.

பொருள்: எர்ரகுண்டா ஏரியில் வரும் திங்கட்கிழமை தொடங்கும் தூர்வாரும் வேலையில், மதகுப் பக்கத்து மண்ணை லாரியில் ஏற்றும் முன் அங்கே ஒரு பெண்ணின் உடலைத் தேடித் தருமாறு வேண்டுதல்.

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. ஆகவே தமிழில் எழுதி, என் மகள் செய்த தெலுங்கு மொழிபெயர்ப்பையும் இணைத்துள்ளேன். இரண்டிலும் எங்காவது வித்தியாசம் இருந்தால் தமிழில் உள்ளதையே என் வாக்குமூலமாகக் கொள்ளவும்.

2. நான் பாஸ்டர் ஜெபகுமார் நடத்தும் சிறிய சபையைச் சேர்ந்தவள். பெண்கள் ஞானஸ்நானம் பெறும்போது நீரில் உடன் நின்று பிடித்துக்கொள்வது என் ஊழியம். எங்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பதில்லை. ஆளை முழுவதுமாக நீரில் அமிழ்த்தி எடுப்போம். கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு தன் வாயால் பதில் சொல்கிறவருக்கு மட்டுமே உண்டு. யாருடைய வற்புறுத்தலாவது இருக்கிறதா என்று பாஸ்டர் ஒவ்வொருவரையும் தனியாக விசாரிப்பார். சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். "உள்ள போறது சாவறதும்மா, வெளிய வர்றது எழுந்துக்கறது. ரெண்டும் நடந்தாதான் அது ஞானஸ்நானம்" என்று பாடம் நடத்தும்போது சொல்வார். கீழே எழுதியிருப்பது தங்களுக்கு விளங்க இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும்.

3. கடந்த ஜனவரியில், பொங்கல் கழிந்த ஞாயிறு காலை, எர்ரகுண்டா ஏரியில் எங்கள் சபைப் பெண்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஏரி நிரம்பியிருந்தது. மதகை ஒட்டிக் கல்படி உள்ள இடத்தில், இடுப்பளவு நீரில் பாஸ்டரும் நானும் நின்றோம். நல்ல வெயில். கரையில் சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக இறங்கிய துர்காதேவி, தன் குழந்தையையும் முக்கி எடுக்கச் சொன்னாள். "அது வளந்து தானா கேக்கட்டும், அப்போ குடுக்கறேன்" என்று பாஸ்டர் சிரித்துக்கொண்டே மறுத்தார். அவளைக் கரையேற்றிவிட்டுத் திரும்பினோம்.

4. ஆழமான பக்கத்தில், கழுத்தளவு நீரில் ஒரு பெண் நின்றிருந்தார். எங்களைக் கடந்து யாரும் அங்கே போகவில்லை. அந்தப் பக்கம் முழுக்க முள் அடர்ந்திருப்பதால் இறங்க வழியும் இல்லை. சாதாரண நூல் சேலைதான் கட்டியிருந்தார். என்ன கலர் என்று சொல்ல முடியாதபடி வெளுத்திருந்தது. அவர் எங்களை நோக்கி நடந்து வந்தார். நீருக்குள் யார் நடந்தாலும் அவருக்கு முன்னால் சின்ன அலை கிளம்பும். இவருக்கு முன்னால் தண்ணீர் அசையவில்லை. அதை நான் கவனித்தேன். பயம் மட்டும் ஏனோ அப்போது வரவில்லை.

5. எந்தச் சபை என்று பாஸ்டர் கேட்டதற்கு, "எனுக்கும் குடுங்க ஐயா, ரொம்ப நாளா நின்னுக்கினு கீறேன்" என்றார். பாடம் கேட்காதவருக்குத் தர முடியாது, அடுத்த மாதம் வாருங்கள் என்று பாஸ்டர் சொன்னார். "கேக்கறத இப்பவே கேளுங்க. எனுக்குப் பதில் தெரியும்" என்றார் அவர். பாவத்தை விட்டு மனம் திரும்பினீர்களா, இயேசுவை ஆண்டவர் என்று விசுவாசிக்கிறீர்களா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று பாஸ்டர் வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தது. வீட்டில் தெரியுமா என்ற கேள்விக்கு மட்டும் கரைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "சொன்னேன் ஐயா" என்றார். பெயர் பாப்பாத்தி என்றார். பாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். தன் வாயால் கேட்கிறவரை மறுக்க எங்களிடம் காரணம் இல்லை.

6. அவருடைய இடது கையை நான் பிடித்தேன். பகல் முழுக்கத் துணி துவைத்தவரின் கையைப் போல விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லிப் பாஸ்டர் அவரைப் பின்பக்கமாகச் சாய்த்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர் மூடவில்லை. நீர் முகத்தை மூடிய பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தூக்கினோம். எங்கள் கைகள் மட்டும் மேலே வந்தன. அவர் உதறவும் இல்லை, என் பிடி நழுவவும் இல்லை. கைக்குள் கை இருந்தது, பிறகு இல்லை. கரையில் பாட்டு நின்றுவிட்டது.

7. ஏரிக்குக் கீழ் நிலம் வைத்திருக்கும் சிட்டிபாபு எங்கள் சபைக்காரர் அல்லர். வருடா வருடம் திருமலைக்கு நடந்து போகிறவர். அன்று மதகு மேல் நின்று எல்லாவற்றையும் பார்த்த அவர்தான் முதலில் குதித்துத் தேடினார். தீயணைப்புத் துறையினரும் வந்து பொழுது சாயும் வரை தேடினார்கள். சேலைத் துண்டு கூடக் கிடைக்கவில்லை. "மிஸ்ஸிங் கம்ப்ளைண்ட் லேது, பாடி லேது, இங்க ஏம் கேஸு அம்மா" என்று காவலர் ஒருவர் என்னைக் கேட்டார். காணவில்லை என்ற புகாரும் இல்லை, உடலும் இல்லை, இதில் என்ன வழக்கு என்று அர்த்தம். சிட்டிபாபு மட்டும் விடவில்லை. "உள்ள போச்சு, வெளிய வரல. நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றார்.

8. பிறகு நானும் அவரும் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பாப்பாத்தி என்ற பெயரை விசாரித்தோம். ஏரிக்கு அக்கரையில் ஷோபா என்பவர் அந்தப் பெயரைக் கேட்டதும் உள்ளே போய், தன் அக்காவின் கல்யாண போட்டோவை எடுத்து வந்து காட்டினார். நான் பிடித்திருந்தது அந்தப் பெண்ணின் கையைத்தான். ஷோபாவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அக்காவின் முகத்தில், நான் பார்த்த அன்றும், ஒரு வயது கூட ஏறியிருக்கவில்லை.

9. ஷோபா சொன்னது: பாப்பாத்தி தறி வேலைக்குப் போன இடத்தில் ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கி, ஞானஸ்நானம் கேட்டிருக்கிறார். அப்போது அங்கே இருந்த ஊழியர், வீட்டில் சொல்லிக் கணவரின் சம்மதத்தோடு வா என்று அனுப்பிவிட்டார். சொல்வதற்காக வீட்டுக்குப் போனவரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. யாருடனோ திருப்பதிக்குப் போய்விட்டதாகக் கணவர் வீட்டார் சொன்னார்கள். "ஓடிப்பூட்டான்னாங்க. நானும் நம்பிக்கினு இத்தினி வருசம் அது பேரக் கூட எடுக்கல" என்று ஷோபா என்னிடம் சொன்னபோது அழவில்லை, ஏரிப் பக்கம் இருந்த ஜன்னலை எழுந்து போய்ச் சாத்தினார். பாப்பாத்தியின் கணவர் இப்போது உயிரோடு இல்லை. பாப்பாத்தி தானாக நீரில் இறங்கினாரா, வேறு ஏதாவது நடந்ததா என்பது எனக்குத் தெரியாது. நான் யார் மீதும் குற்றம் சொல்லவில்லை.

10. அன்று முதல், ஒரே ஒரு முறை தவிர, பாஸ்டர் ஜெபகுமார் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. "நாம பாதிதாம்மா பண்ணியிருக்கோம்" என்பார். மார்ச் மாதம் புத்தூரில் ஒரு சபையார் மிகவும் கேட்டுக்கொண்டதால் போனார். நானும் உடன் போயிருந்தேன். அங்கே சிமெண்ட் தொட்டி. வெள்ளை டைல்ஸ் ஒட்டியது. அடி வரை தெளிவாகத் தெரியும். சூளூர்பேட்டையிலிருந்து வந்த வேணு என்ற ஆட்டோ ஓட்டுநர் இறங்கினார். எங்களுக்கு அவரைத் தெரியாது, எங்கள் ஏரியைப் பற்றி அவருக்கும் தெரியாது. பாஸ்டர் அவரை முக்கித் தூக்கியதும் அவர் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே பார்த்தார். "உள்ள என் பக்கத்துல கீறவங்க யாரு?" என்று கேட்டார். "'என்னை எப்ப தூக்குவாங்க'ன்னு கேக்கச் சொன்னாங்க" என்றார் வேணு. பாஸ்டர் நனைந்த துணியோடு அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

11. இப்போது கோடையில் ஏரி வற்றி, மதகுப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் சேறு நிற்கிறது. திங்கட்கிழமை இயந்திரம் இறங்கும் என்றும், அள்ளும் மண் செங்கல் சூளைகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் போகும் என்றும் ஊரில் தண்டோரா போட்டார்கள். அந்த வேலையை நாங்கள் எதிர்க்கவில்லை. ஏரி ஆழமானால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் மதகுப் பக்கத்து மண் லாரியில் ஏறிவிட்டால், ஒரு பெண் எத்தனை சூளைகளுக்கும் எத்தனை தோப்புகளுக்கும் பிரிந்து போவார் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

12. ஆகவே, அந்தப் பள்ளத்தை மட்டும் கிராம வருவாய் அலுவலர் (வி.ஆர்.ஓ.), காவல் துறை, அரசு மருத்துவர் ஆகியோர் முன்னிலையில் ஆட்களை வைத்துக் கையால் தோண்டிப் பார்க்க உத்தரவிட வேண்டுகிறேன். தன் அக்காவைக் காணவில்லை என்று ஷோபா இப்போது எழுதித் தரும் புகாரைப் பதிவு செய்யக் காவல் நிலையத்துக்கும் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். கூலி ஆட்கள் இறங்கத் தயங்கினால் சிட்டிபாபுவும் பாஸ்டரும் நானும் இறங்குகிறோம். கிடைப்பதை எந்த முறைப்படி அடக்கம் செய்வது என்று எங்களுக்குள் சண்டை வராது. அது ஷோபாவின் விருப்பம், பாஸ்டரும் அதற்குச் சம்மதித்துவிட்டார்.

13. நான் சொல்வதைத் தாங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. தோண்டி ஒன்றும் இல்லையென்றால், பொய் மனு கொடுத்ததற்கு என் மீது நடவடிக்கை எடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அவர் அங்கே இருந்தால், தயவு செய்து வெளியே தூக்கிவிடுங்கள். முதலில் கேட்டபோது ஒருவர் வீட்டுக்கு அனுப்பினார். இரண்டாவது முறை கேட்டபோது நாங்கள் கீழே விட்டுவிட்டோம். மூன்றாவதாக அவருக்காகத் தங்களிடம் கேட்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) வெ. சுமித்ரா

உடன் கையொப்பமிடுவோர்: ஷோபா (பாப்பாத்தியின் தங்கை), சிட்டிபாபு (நேரில் கண்டவர்)

இடம்: நகரி
நாள்: 16.05.2025