வெளியே வராத சாம்பிராணிப் புகை

மச்சான்,

இன்று காலை உன் தம்பி நானுஓயாவில் இருக்கிற என் கராஜுக்கு வந்தான். சாக்கில் சுற்றி எதையோ தூக்கி வந்திருந்தான். பிரித்ததும் கருகிய ஒயில் வாடை மூக்கில் ஏறியது. உன் காருக்கு அடியில் நான் மாட்டிய அலுமினியத் தகடு, ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. "அண்ணனோட கார்ல இருந்ததுதானே? தட்டி நிமுத்தி என் கார்ல மாட்டிருங்கண்ணே. ஏப்ரல் போட்டியில ஓடப் போறேன்" என்றான்.

நீயும் இப்படித்தான் வந்து நின்றாய். "வேகமாப் போனா முன்பக்கம் மெதக்குது மச்சான், ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது." அடியில் புகுகிற காற்றுதான் தூக்குகிறது, அடிப்பாகத்தை வழுவழுவென்று மூடிவிட்டால் கார் ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று நான் பெரிய மேதாவி போல விளக்கினேன். பம்பரிலிருந்து என்ஜினுக்குப் பின்னால் வரை ஒரே தகடு. ஓர் இடுக்குக்கூட விடவில்லை. ரேடியேட்டர் வழியாக உள்ளே போகிற காற்று, சூட்டை அள்ளிக்கொண்டு அடிவழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வழியை அடைத்தேன். முன்சக்கரப் பிரேக்குக்குப் போகிற காற்றையும் சேர்த்து அடைத்தேன். மூன்று நாள் ஓட்டிப் பார்த்தோம். இந்த ஊர்க் குளிரில் என்ஜின் சூடு காட்டும் முள் அசையவே இல்லை. நமக்குத் தலைகால் புரியவில்லை.

பயிற்சிக்கு முன் முனியாண்டி கோயிலில் காருக்குப் பூசை போட்டோம். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பூசாரி முன்னால் சாம்பிராணி காட்ட, விசிறி புகையை உள்ளே இழுத்தது. மற்றக் கார்களில் அது சக்கரங்களுக்கு நடுவே கீழே வந்து பரவும். உன் காரில் ஓர் இழைகூட வரவில்லை. "சாமி முழுசா ஏத்துக்கிட்டாருப்பா" என்றார் பூசாரி. நீ விழுந்து கும்பிட்டாய். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் கழித்து, முன்கண்ணாடிக்குக் கீழே பிரேக் ஒயில் டப்பா இருக்கிற மூலையில் புகை மெல்லக் கசிந்தது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நல்ல சகுனத்தைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்று உடப்புசல்லாவை ரோட்டில் நான்கு தடவை ஏறி இறங்கினாய். ஐந்தாவது இறக்கத்தில் பெடல் தரை வரைக்கும் போயிருக்கும். பிரேக் ஒயில் கொதித்தால் அப்படித்தான். வளைவில் சக்கரம் தேய்ந்த தடமே இல்லை. கார் உருண்ட சரிவில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள்.

பிரேக் போய்விட்டது என்று ஊர் சொன்னது. உன் அம்மாவிடம் நானும் அதையே சொன்னேன். "நீ என்னப்பா செய்வ" என்று அவர் என் தலையைத் தடவினார். அந்தக் கையை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

இன்று சொல்லிவிட்டேன் மச்சான். "இந்தத் தகடுதான்டா உங்க அண்ணனைக் கொன்னுச்சு. சூடு வெளிய போக வழியில்லாம அடைச்சது நான்." அடிப்பான் என்று நின்றேன். அவன் தகட்டைப் புரட்டி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு மேசையிலிருந்த சாக்கட்டியை எடுத்து என் கையில் வைத்தான்.

"அப்ப எந்த எடத்துல வெட்டணும்னு கோடு போட்டு வைங்கண்ணே. நாளைக்கு வாறேன்."

எங்கே வெட்ட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கை போக மாட்டேன் என்கிறது.