தராசுக்கு முதுகைக் காட்டி

மார்ச் 4, செவ்வாய்

காய்கறிக்கடைக்காரரின் மேசைத் தராசு என் பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்தது. தட்டுக்கடியில் கரப்பான்கள் குடும்பம் நடத்தியிருக்கின்றன. துடைத்து, எடைக்கல் வைத்துச் சரிபார்த்து, மதியத்துக்குள் கொடுத்தனுப்பினேன்.

அதன் பிறகு ஊசி தேடி என் வீட்டுக்காரருடைய தையல் அறைக்குப் போனேன். துணி மூட்டைக்கு அடியில் இவருடைய பேண்ட் ஒன்று கிடந்தது. உள்பக்கத்தைத் திருப்பினால் இடுப்பில் ஐந்து வரிசைத் தையல். ஐந்து தடவை பிடித்துத் தைத்திருக்கிறார்! அதனால்தான் எந்த உடுப்பும் தொளதொளவென்று தெரியவில்லை. தையல்காரரைக் கட்டிக்கொண்டு, உடுப்பைப் பார்த்து ஏமாந்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

போன வருஷம் டாக்டர் “சர்க்கரை எல்லையில நிக்குது, கொஞ்சம் எடையைக் குறைங்க” என்றார். குறைத்தார். எல்லோரும் புகழ்ந்தார்கள். நானும்தான் புகழ்ந்தேன். அதற்கப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. ஒரு ரொட்டித் துண்டை இருபதாகக் கிள்ளுகிறார், முக்கால்வாசி கைக்குட்டைக்குள் போகிறது. ஊரே மின்விசிறியைச் சுழலவிட்டு உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் ஸ்வெட்டரில்.

எவ்வளவு எடை என்று இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

மார்ச் 6, வியாழன்

இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம், இதயம் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: “இது சாப்பாட்டுக் கோளாறும்மா. பொண்ணுங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நினைக்காதீங்க. இப்போதைக்கு இதயம் தாங்குது. தள்ளிப்போடாதீங்க.” சிகிச்சைக்கு மூன்று இடங்களை எழுதிக் கொடுத்தார்.

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்றார் இவர். படி இறங்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பயமாயிருக்கு. இவர் இல்லாமப் போயிடுவாரோன்னு பயமாயிருக்கு.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். “நாலு நாள் எங்கிட்ட விடு, மடியில உட்கார வெச்சு ஊட்டிடறேன்.” ஐம்பத்திரண்டு வயசு மடியில்! சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், பிறகு சமையலறையில் போய் அழுதாள்.

மார்ச் 10, திங்கள்

ஒரு காரியம் செய்தேன். இவர் தினம் நாலு தடவை குளியலறைத் தராசில் ஏறுகிறார். அதில் வருகிற எண்தான் அடுத்த வேளை உண்டா இல்லையா என்று தீர்ப்பு சொல்கிறது. அந்தத் தராசைத் திறந்து இரண்டு கிலோ குறைத்துக் காட்டும்படி வைத்துவிட்டேன். எண் இறங்கினால் நிம்மதியாகச் சாப்பிடுவார் அல்லவா?

இப்படித் தராசில் கை வைத்த வியாபாரிகளை வாய்க்கு வந்தபடி திட்டியவள் நான்.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு முழு முட்டை சாப்பிட்டார்!

மார்ச் 13, வியாழன்

முட்டையும் போச்சு. “இப்பத்தான் சரியான எடைக்கு வந்திருக்கேன், இதைத் தாண்டக் கூடாது” என்கிறார். புது எண்ணையே எல்லைக்கோடாகப் போட்டுக்கொண்டுவிட்டார். திருத்தி வைத்தால் ஒரே நாளில் இரண்டு கிலோ ஏறியதாகக் காட்டும், அப்புறம் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். என் கையாலேயே கெடுத்தேனே... யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 15, சனி

இரண்டு இடங்கள் பார்த்தாயிற்று.

முதலாவது பெரிய ஆஸ்பத்திரி. ஆறு வாரம் அங்கேயே தங்க வேண்டும். தராசைப் பார்த்தேன், அடடா! எடைத்துறை போட்ட புது முத்திரை, தட்டு ஆடவே இல்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இவர் கேட்டது ஒன்றுதான்: “ஊசி நூல் கொண்டு வரலாமா?” கூடாதாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டார்.

இரண்டாவது ஓர் ஆலோசகர். குரல் தேன். ஒரு மணி நேரம் சின்ன வயசுக் கதை கேட்டார். “என்ன சாப்பிடறார்னு கேட்கவே இல்லையே?” என்றேன். “உடம்பைப் பத்தி இங்க பேசறதில்லம்மா.” உடம்பு கரைந்துகொண்டு இருக்கிறது ஐயா! வெளியே வந்துவிட்டோம்.

மார்ச் 20, வியாழன்

மூன்றாவது இடம், மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. கொண்டையில் பென்சில் செருகிய ஒரு மனநல நிபுணர், கூட ஓர் உணவு ஆலோசகர். வாரம் ஒரு நாள் வந்தால் போதும், வீட்டுக்காரியும் உட்காரலாம். ரத்தப் பரிசோதனையை நம் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

எல்லாம் சரி. ஆனால் தராசு! நானே ஏறிப் பார்த்தேன். என் எடை எனக்குத் தெரியாதா? நானூறு கிராம் கூடக் காட்டுகிறது. தராசையே ஒழுங்காக வைத்துக்கொள்ளாதவர்கள் இவரை எப்படிப் பார்ப்பார்கள்? தெருவுக்கு வந்ததும் “இது வேண்டாம், ஆஸ்பத்திரிதான்” என்று சொல்லிவிட்டேன்.

இவர் நடையை நிறுத்தினார். “நீ எனக்கு ஆள் பார்க்கிறியா, மெஷின் பார்க்கிறியா?”

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

“என்ன சாப்பிட்ட, என்ன சாப்பிட்டன்னு எல்லாரும் கேட்கிறீங்க. அந்தம்மா மட்டும்தான் எனக்குன்னு என்ன தைச்சுக்க ஆசைன்னு கேட்டாங்க. நான் போறதா இருந்தா இங்கதான் போவேன்.”

போவேன் என்கிறார்! நல்லாத்தான் இருக்கேன் என்று சொன்ன மனுஷன். என் மூக்கு உடைந்தாலும் பரவாயில்லை.

மார்ச் 27, வியாழன்

முதல் அமர்வு. முதுகைக் காட்டித் தராசில் ஏற வேண்டும், எண்ணை இவர் பார்க்கக் கூடாது. ஏறினார். “வீட்டுல எவ்வளவு காட்டுது?” என்று அந்தம்மா கேட்டார். சொன்னார். அந்தம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உங்க மெஷின்ல நானூறு கிராம் தப்பு” என்றேன், முந்திக்கொண்டு.

“வித்தியாசம் அதைவிட அதிகமா இருக்கேம்மா.”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அழுகையும் மூக்குச் சளியுமாக. அந்தம்மா திட்டவில்லை. “பயத்துல செஞ்சிருக்கீங்க. இனி வீட்டுல தராசே வேண்டாம்” என்றார். வீட்டு முன்னறைதான் என் பட்டறை, பதினோரு தராசு இருக்கிறது என்றேன். கொண்டைப் பென்சில் கீழே விழும்வரை சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

பேசவில்லை.

மார்ச் 29, சனி

மாலையில் ஐந்து வரிசைத் தையல் பேண்டை எடுத்துவந்து என் மேசையில் போட்டார். “நான் இடுப்பைப் பிடிச்சேன், நீ தராசைப் பிடிச்ச. ரெண்டு பேருமே கெட்டிக்காரங்கதான்.” பிறகு, “இனிமே சொல்லிட்டுச் செய்” என்றார்.

“நீங்களும்தான்” என்றேன்.

குளியலறைத் தராசைக் கழற்றி உதிரிபாகப் பெட்டியில் போட்டாயிற்று. பட்டறைத் தராசுகள் எல்லாம் எண் தெரியாதபடி சுவரைப் பார்த்து நிற்கின்றன, தப்புச் செய்த பிள்ளைகள் மாதிரி.

ஏப்ரல் 3, வியாழன்

மருந்துக்கடை மாடித் தராசைத் திருத்திக் கொடுத்தேன். நானூறு கிராம் உறுத்திக்கொண்டே இருந்தது, என்ன செய்ய.

ஏப்ரல் 24, வியாழன்

நேற்று மறுபடி கைக்குட்டையில் ரொட்டி. கத்திவிட்டேன். “என்னால முடியலடி, நான் வேணும்னேவா செய்யறேன்?” என்று அவரும் கத்தினார். அமர்வில் சொன்னபோது, “இப்படி நாளும் வரும், அடுத்த வேளையை நேரத்துக்கு வைங்க, அவ்வளவுதான்” என்றார் அந்தம்மா. மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிட வேண்டும், தட்டைப் பற்றிப் பேசக் கூடாது. எனக்கு வாயைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம்!

மே 17, சனி

இரண்டு வாரமாகக் கைக்குட்டை சுத்தம். நம் டாக்டரும் ரத்தம் தேறிவருகிறது என்கிறார். துணைக்குச் சாப்பிட்டதில் என் சட்டைதான் இறுக்குகிறது. தளர்த்தித் தரச் சொன்னேன். “இதுக்குத்தான் எப்பவும் உள்ள துணி விட்டுத் தைக்கிறது” என்றார், வாயில் குண்டூசியோடு.

ஜூன் 12, வியாழன்

தனக்கு ஒரு கோட்டு வெட்டியிருக்கிறார். உள்ளே இரண்டு அங்குலத் துணி விட்டிருக்கிறார். கேட்கவில்லை. கண்டும் காணாமல் இருந்தேன்.

ஜூலை 5, சனி

மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று பழுதுக்கு வந்தது. பாகங்களை மாற்றி, மின்சாரம் கொடுத்துத் தரையில் வைத்திருந்தேன். நாற்காலி முழுக்க ஸ்க்ரூவும் ஒயரும். இவர் இரண்டு டீயும் பொட்டலத்தில் பன்னும் வாங்கி வந்தார். இடம் தேடிப் பார்த்துவிட்டுத் தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மேடைத் தராசில்! எண் பலகை அவர் முதுகுக்குப் பின்னால், என் முகத்துக்கு நேரே.

ஒரு வாடிக்கையாளர் கல்யாண உடுப்பில் பன்னிரண்டு பை கேட்கிறாராம். “உடுப்பா, அலமாரியா?” என்று இவர் கேட்டாராம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முதல் பன் முடிந்தது. கிள்ளவில்லை. கடித்தார்.

பலகை உயிர்பெறக் கொஞ்ச நேரம் எடுத்ததோ என்னவோ, அப்போதுதான் சிவப்பு எண் எரிய ஆரம்பித்தது. தராசுகளோடு இருபத்தாறு வருஷப் பழக்கம், கண் தானாகப் போகப் பார்த்தது. சட்டென்று எழுந்து திரும்பி நின்றுகொண்டு, கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினேன்.

“என்ன, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட?”

“சும்மாத்தான்.”

கீழே குனிந்து, எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்திருக்க வேண்டும். அவருக்கடியில் மேடை ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு பொட்டலம் பிரிகிற சத்தம் கேட்டது.

“ரெண்டாவது பன்னு உனக்கு வேணுமா, நானே தின்னுடட்டுமா?”

“நீங்களே சாப்பிடுங்க” என்றேன், சுவரைப் பார்த்தபடி.

அந்தத் தராசு சரியாக நிறுக்கிறதா என்று இன்னும் சோதிக்கவில்லை. திங்கட்கிழமை கல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.