கிளிவெட்டிக்குப் போன ரயில்

திருகோணமலை,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள கிறிஸ்டினின் அப்பாவுக்கு,

ஜெனிதா எழுதிறது. ஆண்டவருடைய கிருபையால நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறம். கட்டாரில வெய்யில் கூடிப்போச்செண்டு செய்தியில சொன்னாங்கள், தண்ணியைக் குடியுங்கோ. கிண்ணியா முஹம்மது தம்பி லீவு முடிஞ்சு நாளைக்குத் திரும்பிறார். உங்கட கம்பனிக்காரர்தானே, அவரிட்டக் கடிதத்தைக் குடுத்துவிடுறன். கூட நிலாவெளி நெத்தலிக் கருவாடும் இருக்கு. அறையில உள்ள எல்லாருக்கும் பங்கு போட்டிட்டு நீங்கள் வெறுஞ்சட்டியைப் பார்த்துக்கொண்டிருக்காதேங்கோ.

போன் இருக்க ஏன் கடிதமெண்டு யோசிப்பீங்கள். போனில நீங்கள் என்னத்தைக் கேட்டாலும் என்ர வாய் ஓம் எண்டுதான் சொல்லும். இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடட்டோ எண்டு போன கிழமை கேட்டீங்கள். ஓம், உங்கட விருப்பம் எண்டனான். அந்த ஓமைப் பற்றித்தான் இப்ப எழுத இருந்தனான். அதுக்கு முதல் கிளப் கதை ஒண்டு சொல்லவேணும். உங்களிட்ட ஏச்சு வாங்கிற வேலை ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறன்.

நீங்கள் தொடக்கிவிட்ட குட்டி ரயில் கிளப் இப்பவும் ஞாயிறு பூசை முடிய, பங்கு மண்டபத்துப் பின்னறையில திறக்கிறது. கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா எல்லாம் தாண்டித் திருகோணமலை ஸ்டேசன் மட்டும் நீங்கள் மேசையில போட்ட பாதை அப்பிடியே இருக்கு. கந்தளாய் யானைக்குத் தும்பிக்கை போச்சு. ஆர் உடைச்சதெண்டு ஒருத்தரும் வாய் திறக்கிறாங்கள் இல்லை. இப்ப பள்ளிக்கூடப் பிள்ளையளும் வருகினம், காசு வாங்கிறேல்லை. கேற் இல்லாத ரயில் கடவையில எப்பிடி நிண்டு பார்த்துக் கடக்கிறதெண்டு தம்பிராசா அண்ணன் ரயிலை ஓட்டிக் காட்டுவார். நீங்கள் போனாப்பிறகு செயலாளரும் அவர்தான், பொருளாளரும் அவர்தான். நான் தேத்தண்ணி ஊத்திற ஆள்.

போன மாசம் கௌசிகா டீச்சர் கிளிவெட்டியில இருந்து பிள்ளையளை பஸ்ஸில கூட்டிக்கொண்டு வந்தவா. அதுகளில பாதிப்பேர் உண்மையான ரயிலையே கண்டதில்லை. ஒரு சின்னப் பெட்டை ரயிலோட சேர்ந்து மேசையைச் சுத்தி ஓடி, திருகோணமலையில பாதை முடியிற இடத்தில நிண்டிட்டாள். எங்கட ஊருக்கு ஏன் ரயில் வராது எண்டு கேட்டாள். அண்ணன் உங்கட சட்டத்தைச் சொன்னார். உண்மையில இல்லாத ஒண்டையும் இந்த மேசையில வைக்கக்கூடாது, தலைவர்ட கட்டளை எண்டு. பிள்ளையின்ர முகம் சுருங்கிப்போச்சு. எனக்கு வந்ததே ஒரு கோபம்! தேத்தண்ணிக் கேத்திலை வைச்சிட்டு, தலைவர் என்ர மனிசன், அவருக்கு நான் பதில் சொல்லுறன், நீங்கள் தண்டவாளத்தை எடுங்கோ எண்டிட்டன். அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நிண்டார்.

பலகை கூடப் போட்டு, கிண்ணியாப் பாலம், மூதூர் எல்லாம் தாண்டிக் கிளிவெட்டி மட்டும் பாதை போட்டாச்சு. ஸ்டேசனை அந்தப் பிள்ளையளேதான் திரும்ப வந்து கட்டினதுகள். வயலுக்கு உமியை ஒட்டியிருக்குதுகள். அவையின்ர ஸ்டேசன் கோயில் கோபுரத்தை விட உயரம், அளவுகிளவு கேக்காதேங்கோ. போன ஞாயிறுதான் முதலாவது ரயிலை விட்டம். மூதூர் வளைவில ரெண்டுதரம் கவிண்டுது. பிறகு மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்திட்டுது. பிள்ளையள் கத்தின கத்தில பாதர் என்னமோ ஏதோ எண்டு ஓடி வந்தார்.

அண்டைக்கு நடந்ததுதான் மனதில கிடக்கு. நீங்கள் வெளிக்கிடுறதுக்கு முதல் நாள், அந்த மேசையில உள்ள திருகோணமலை ஸ்டேசன் மேடையில நீலச் சேட்டும் சிவப்புப் பையுமாக ஒரு குட்டி மனிசனை ஒட்டி, இதுதான் அப்பா எண்டு கிறிஸ்டினுக்குக் காட்டினீங்கள். அப்ப அவளுக்கு மூண்டு வயசு, இப்ப ஆறு. ஞாயிறு வந்தால் முதல் அங்கதான் ஓடுவாள். விரலால தூசி தட்டி விடுவாள். அண்டைக்கும் அந்தக் கிளிவெட்டிப் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போய், இது எங்கட அப்பா எண்டு பெருமையாகக் காட்டினாள். அவள் குனிஞ்சு வடிவாகப் பார்த்திட்டு, உங்கட அப்பா வந்து இறங்கி நிக்கிறாரோ, போறதுக்கு நிக்கிறாரோ எண்டு கேட்டாள். கிறிஸ்டின் திரும்பி என்னைப் பார்த்தாள். கேத்திலைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக் குசினிக்குப் போயிட்டன். அங்க நிண்டு நல்லா அழுதனான்.

கிறிஸ்டின் விடுறாள் இல்லை. நேற்றுச் சாப்பிடேக்கையும் அதையே கேட்டாள்.

ஆனபடியால் அந்த ஓமைத் திருப்பி எடுக்கிறன். கையெழுத்துப் போடாதேங்கோ. கூரை ஒழுகினால் ஒழுகட்டும், சட்டி வைக்கிறன். துறைமுகப் பக்கம் உங்களைப்போல இரும்பு ஒட்டுவேலை தெரிஞ்ச ஆள் தேடுறாங்களாம். அங்கத்தைச் சம்பளம் வராது, தெரியும். நீங்கள் இல்லாமல் எனக்கு ஏலும், ஏலும் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான். ஏலாது அப்பா. எனக்கு ஏலாது.

கிளப்பிலயும் கூட்டம் வைச்சு ஒரு முடிவு எடுத்திருக்கினம். கிளிவெட்டிப் பாதையை விடுறதோ பிடுங்கிறதோ எண்டு தலைவர் நேர வந்து பார்த்துத்தான் சொல்லவேணுமாம், போனில சொன்னால் செல்லாதாம். அதை முன்மொழிஞ்சது ஆரெண்டு கேக்காதேங்கோ. தேத்தண்ணி ஊத்திற ஆள்தான்.

சட்டத்தை மீறினதும் நான்தான். ஏசிறதெண்டால் வந்து ஏசுங்கோ, வாய் திறக்காமல் கேக்கிறன். பிளேனால இறங்கி இரவு ரயிலில ஏறினால் விடிய இஞ்ச இறங்கலாம். நானும் பிள்ளையும் ஸ்டேசனில நிப்பம். மாதா உங்களைக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

அந்த நீலச் சேட்டு இன்னும் இருக்கெல்லோ? அதைப் போட்டுக்கொண்டு வாங்கோ. அவள் உங்களை அதிலதான் தேடுவாள்.

இப்படிக்கு,
உங்கட வரவுக்காகச் செபிக்கிற
ஜெனிதா