அம்மாவின் தோட்டத்துக்கு எழுநூறு வயதாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனை எடுத்திருந்தால் கேட்டிருப்பேன். அங்கே வேல்ஸிலும் மழையே இல்லையாமே. இங்கே யார்க்கில் நான் சௌக்கியம். தலைவலி என்றால் எங்கள் மேலாளர் கிளைவ்தான்.

தொல்லியல் ஆய்வுக்காக, வேல்ஸின் மேல் விமானத்திலிருந்து எடுத்த படங்களில் பழைய பள்ளங்களைத் தேடுகிறோம். வறட்சியில் வயலெல்லாம் காய்ந்தாலும், மூடிய பள்ளத்தின் மேல் மட்டும், அடியில் ஈரம் தங்குவதால், பயிர் பச்சையாக நிற்கும். செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு சதுரத்தைப் பார்த்துவிட்டுக் கிளைவ் துள்ளினார்.

"எழுநூறு வருஷம் இருக்கும், நெஸ்டா! மடத்துத் துறவிங்க ஆடு அடைச்ச இடம்!"

"அது எங்க வயல், கிளைவ். எங்கம்மாவோட உருளைக்கிழங்குத் தோட்டம். தண்ணி தேங்கக் கூடாதுன்னு எங்கப்பா சுத்தி வெட்டின பள்ளம் அது."

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

எப்படி இருக்கிறது பாருங்கள்! எந்த வருஷம் வெட்டினீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். என் நீல ஸ்வெட்டரையும் அனுப்புங்கள். கூடவே நாலு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

அம்மா இறந்த வருஷம் அந்தப் பள்ளத்தை மூடி பார்லி விதைத்தீர்கள். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. மேலிருந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது, அப்பா. அம்மா கூடையோடு நுழைய நீங்கள் விட்ட இடைவெளிகூட.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

நெஸ்டா